கான்பூர் மருத்துவருக்குக் கிடைத்த நாய்க்குட்டியும் நம் வீட்டுக் கேள்வியும்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் மூத்த பெற்றோர் தனித்து வாழ, பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் பணிபுரியும் குடும்பங்கள் இன்று மிகுந்துள்ளன. தந்தை பக்கவாதத்திலிருந்து தேறிய பின்னரோ, தாய்க்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்த பின்னரோ மறுபரிசோதனைக்கு உடன் வரும் மகனோ மகளோ, மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும் வேளையில் சற்றே தயங்கி எங்களிடம் ஒன்று கேட்பதுண்டு: "வீட்டில் துணைக்கு ஒரு சின்ன நாய் வாங்கி விடலாமா?"

முன்பெல்லாம் இக்கேள்வி பெயரின்றி வந்தது; இப்போது பெயரோடு வருகிறது. லாசா ஆப்சோ, ஷிட்சூ, யார்க்‌ஷயர் டெரியர் என்கிறார்கள். அரிய இனம் வேண்டும் என்று தேடியவர்கள் சில வேளை 'திபெத்திய டெரியர்' என்கிறார்கள். சிறியது, முடி கொட்டாது, ஒவ்வாமை தராது, குழந்தைகளைக் கடிக்காது, முதியோருக்கு மிகவும் உகந்தது என்று விற்பவர் கூறியதாகவும் சொல்கிறார்கள். இவற்றுள் எவை மெய், எவை வணிகப் பேச்சு என்பதை நோயாளியின் நலன் கருதி ஆராய்ந்து பார்க்க வேண்டியுள்ளது. திபெத்திய டெரியரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அந்த இனத்தின் நவீன வரலாறு நம் நாட்டின் மருத்துவமனை ஒன்றில்தான் தொடங்குகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மருத்துவமனையில் தொடங்கிய கதை

ஆக்னஸ் கிரெய்க் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1920களில் கான்பூரில் மகளிருக்கு மருத்துவம் செய்துவந்தார். வணிகர் ஒருவரின் மனைவிக்கு அவர் அறுவைச் சிகிச்சை செய்தார். அப்பெண்மணி நலம் பெற்றார். நன்றிக் கடனாக அக்குடும்பத்தினர் 1922இல் மருத்துவருக்கு ஒரு பெண் நாய்க்குட்டியை அளித்தனர். திபெத்திலிருந்து வந்த அந்த இனத்தை அங்குள்ளோர் விலைக்கு விற்பதில்லை. மடங்களிலும் வீடுகளிலும் நற்பேறு தரும் உயிராகப் பேணி, மதிப்பிற்குரியோர்க்கு மட்டும் பரிசாகக் கொடுப்பார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. குட்டிக்கு 'பந்தி' என்று பெயரிட்டார் கிரெய்க்.

டெல்லியில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு அவர் பந்தியைக் கொண்டுசென்றபோது அது எந்த இனம் என்று நடுவர்களுக்கே தெளிவாகவில்லை. முதலில் 'லாசா டெரியர்' என்று வகைப்படுத்தினர். பின்னர் ஓர் ஆண் நாயையும் தேடிப் பெற்று, தலைமுறை தலைமுறையாக ஒரே தோற்றம் மாறாது வருவதை அவர் நிறுவிக் காட்டினார். 1930இல் இந்தியாவின் கென்னல் கிளப் அதனைத் 'திபெத்திய டெரியர்' என்ற தனி இனமாக ஏற்றது. 1937இல் இங்கிலாந்தும் 1973இல் அமெரிக்காவின் கென்னல் கிளப்பும் ஏற்றன. இன்று மேலை நாடுகளில் உள்ள இவ்வின நாய்களுள் மிகப் பல, கிரெய்க் வளர்த்த வழியைச் சேர்ந்தவை. இந்தியாவில் பெயர் பெற்ற இனம் இந்தியாவிலேயே அரிதாகிவிட்டது ஒரு விந்தைதான். தமிழகத்தில் அதைக் காண்பது அரிதினும் அரிது.

பெயரில் இருக்கும் 'டெரியர்' என்ற சொல்லே தவறானது. மண் என்னும் பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. வளைக்குள் புகுந்து எலியையும் நரியையும் பிடிப்பதற்கென்று பிரித்தானிய நாட்டில் பழக்கப்பட்ட நாய்களே டெரியர்கள். திபெத்திய நாய் அவ்வேலை எதையும் செய்ததில்லை. உருவ அளவு ஒத்திருந்தமையால் வெளிநாட்டார் அப்படி அழைத்துவிட்டனர். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. யார்க்‌ஷயர் டெரியர், ஜாக் ரஸ்ஸல் டெரியர் போன்ற உண்மையான டெரியர்களுக்குத் துரத்தும் இயல்பும் ஓயாத துறுதுறுப்பும் குரைக்கும் பழக்கமும் பிறவியிலேயே உண்டு. கைத்தடி ஊன்றி நடக்கும் முதியவரின் காலடியில் அத்தகைய நாய் ஓடித் திரிவது என்ன விளைவைத் தரும் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். திபெத்திய டெரியர் ஒப்பளவில் அமைதியானது, வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும், அயலாரிடம் ஒதுங்கி நிற்கும். தோள்வரை 35 முதல் 41 சென்டிமீட்டர் உயரமும், 8 முதல் 14 கிலோ வரை எடையும் உடையது. ஆகவே மடியில் வைத்துக்கொள்ளும் பொம்மை நாய் என்று எண்ணி வாங்குவோர் ஏமாறுவர்.

பனிக்கு நெய்த போர்வை

இந்நாயின் உடல் முழுவதும் பனிமலைக்காக அமைந்தது. உள்ளே மென்பஞ்சு போன்ற ஓர் அடுக்கும் வெளியே நீண்ட முடியும் கொண்ட இரட்டைப் போர்வை அதற்கு உண்டு. பாதங்கள் பனியில் புதையாதபடி அகன்று தட்டையாக இருக்கும். கண்களை மூடிக் கவிந்து கிடக்கும் முடி பனியின் கூசொளியைத் தடுக்கும். இத்தனை ஏற்பாடுகளும் பாலக்கோட்டிலோ அரூரிலோ சித்திரை வெயிலில் என்ன ஆகும்?

நாய்க்கு மனிதனைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. இரட்டை முடியோடு, காற்றோட்டமில்லாத தகரக் கூரையின் கீழோ, மின்தடை நேரும் நண்பகலிலோ அது வெப்பத் தாக்குக்கு ஆளாகலாம். அடங்காத மூச்சிரைப்பு, கட்டிப்பட்ட உமிழ்நீர், தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து, விசிறியடியில் கிடத்தி, கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும். வெயிலுக்காக முடியைத் தோல்வரை மழித்துவிடுவதும் நன்றன்று. தோல் வெந்து புண்ணாகும். அளவாகக் கத்தரித்தலே முறை. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று சைபீரியன் ஹஸ்கி, செயிண்ட் பெர்னார்ட், திபெத்திய மஸ்தீஃப், பக் முதலிய இனங்களைப் பெருக்குவதற்குத் தடை சொல்லப்பட்டது. திபெத்திய டெரியர் அப்பட்டியலில் இல்லை என்பதால் வெயில் அதைச் சுடாது என்று கொள்ள வேண்டா.

முடியைப் பற்றி இன்னொன்று. வாரத்தில் பல முறை, மேலோட்டமாக அல்லாமல் தோல்வரை சீவிப் பிரித்துவிடாவிட்டால் அது சடைபிடிக்கும். சடையின் அடியில் ஈரம் தங்கும். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் குடியேறும். தோலில் பூஞ்சை படரும். அப்பூஞ்சை வீட்டாருக்குப் படர்தாமரையாகத் தொற்றும். ஒவ்வொரு முறையும் இதற்கு அரைமணி நேரமேனும் பிடிக்கும். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் தாத்தாவோ, மூட்டுவாதத்தால் விரல் மடங்காத பாட்டியோ இதைச் செய்ய இயலுமா? துணைக்கென வாங்கிய நாய் இன்னொரு நோயாளியாகி மூலையில் கிடக்கும் நிலை வரலாகாது.

"முடி கொட்டாத நாய், ஆகவே ஆஸ்துமாக்காரர் வீட்டிலும் வைக்கலாம்" என்ற கூற்றை எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். அதில் உண்மை குறைவு. ஒவ்வாமையை உண்டாக்குவது முடி அன்று. நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிள்களிலும் உள்ள புரதங்களே. முடி குறைவாகக் கொட்டும் நாயும் தன்னை நக்கிக்கொள்கிறது. அதன் தோலும் உரிகிறது. ஒவ்வாமை தராதவை என்று விற்கப்படும் இனங்கள் வாழும் வீடுகளின் தூசியை ஆராய்ந்தபோது, பிற நாய்கள் உள்ள வீடுகளைவிட அப்புரதம் குறைவாக இருக்கவில்லை. வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருந்தால், வாங்குவதற்கு முன் அத்தகைய நாய் உள்ள ஒரு வீட்டுக்குச் சில முறை சென்று, சில மணி நேரம் இருந்து பார்த்து வருவது நலம். படுக்கையறைக்குள் நாயை அனுமதிக்காதீர்கள் என்பதே எம் அறிவுரை.

அரிது என்பதன் விலை

அரிய இனம் என்றால் அவ்வினத்தில் நாய்கள் குறைவு என்று பொருள். குறைவென்றால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்க்க நேரும். சொந்தத்தில் பெண் எடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை நம் மாவட்டத்தார் அறியாததன்று. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணக்கும்போது, இரு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை குழந்தையிடம் கூடிவிடக்கூடும். நாய்க்கும் அதே விதிதான்.

திபெத்திய டெரியரில் அவ்வாறு தொடரும் நோய்கள் சில உண்டு. கண்ணின் வில்லை இடம் பெயர்ந்து பார்வை போவது ஒன்று. விழித்திரை மெல்லத் தேய்வது மற்றொன்று. இடுப்பு மூட்டுக் குறைபாடும் உண்டு. இவற்றினும் நுட்பமானது நரம்புச் செல்களில் கழிவுப்பொருள் தேங்கும் ஒரு நோய். நாய் ஐந்து வயதைக் கடந்த பின் இருட்டில் தடுமாறும், அச்சம் மிகும், நடை குலையும். இதற்குக் காரணமான மரபணுப் பிழையை ஆய்வாளர்கள் 2011இல் கண்டறிந்தனர். அதே மரபணுவில் ஏற்படும் பிழை மனிதர்களிடம் இளவயதிலேயே பார்க்கின்சன் போன்ற நோயைத் தருகிறது. ஒரு சிறிய நாயின் தள்ளாட்டம் மனித மூளையை அறிய உதவியிருக்கிறது என்பது நரம்பியல் மருத்துவர்களுக்குச் சுவையான செய்தி. வாங்குவோருக்கு அதில் ஒரு பயன் உண்டு: இந்நோய்க்கும் வில்லை நோய்க்கும் இன்று மரபணுப் பரிசோதனை இருக்கிறது. குட்டியின் தாய் தந்தைக்கு அச்சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். விடை சொல்லாதவரிடம் வாங்க வேண்டா.

நம் நாட்டில் இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையிடம் சென்னையிலேயே உள்ளது. அதன் சான்றும், நாயின் தோலுக்கடியில் பொருத்தப்பட்ட மைக்ரோசிப்பின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதற்கு 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் இடம் தரவில்லை. தாயை விட்டு முன்னதாகப் பிரிக்கப்படும் குட்டி எளிதில் நோய்வாய்ப்படும்; கடிக்கும் அழுத்தத்தை அடக்கிக்கொள்ளவும் அது கற்றிருக்காது. அட்டைப்பெட்டியில் பேருந்தேறி வரும் ஒரு மாதக் குட்டியை எத்துணை அழகாயிருந்தாலும் ஏற்காதீர்கள்.

நோயாளி உள்ள வீட்டில்

நாயால் நன்மை இல்லையா என்றால், உண்டு. 1980இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு முதலியவற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 92 பேர் ஓராண்டு கழித்துக் கணக்கெடுக்கப்பட்டனர். வளர்ப்பு விலங்கு வைத்திருந்த 53 பேரில் மூவர் இறந்திருந்தனர். வைத்திராத 39 பேரில் 11 பேர் இறந்திருந்தனர். இவ்வெண்களைக் காட்டி நாயை மருந்தாக விற்போர் உண்டு. ஆனால் சிறிதளவேனும் உடல் வலுவும் வீட்டில் ஆதரவும் உடையவர்தாம் விலங்கு வளர்க்க முற்படுவர். அவர்கள் பிழைத்தமைக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் இச்சான்றுகளையெல்லாம் எடைபோட்டு, நாய் வளர்ப்பு இதயத்துக்கு நன்மை தரக்கூடும். ஆயினும் அதற்காகவே நாய் வாங்குவது தகாது என்று நடுநிலையாகக் கூறியது. எங்கள் பட்டறிவும் அதனோடு ஒத்துப்போகிறது. நாயை நடத்திச் செல்லும் பொருட்டு நாள்தோறும் நடப்பவர் நலம் பெறுகிறார். பிறர் நடத்திச் செல்ல, நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் மனநிறைவு பெறுகிறார்; அதுவும் சிறிதன்று.

தீமைகள் நோயைப் பொறுத்தவை. புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோர், சிறுநீரக மாற்று செய்துகொண்டோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்போர் ஆகியோருக்கு எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். இவர்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் வயிற்றுப்போக்குள்ள நாயையும் அணுகலாகாது. நாயின் கழிவை அள்ளுவதும் கூண்டைக் கழுவுவதும் வேறொருவர் பணியாக வேண்டும். மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கு நாயின் உமிழ்நீரிலுள்ள ஒரு நுண்ணுயிர் கடுமையான இரத்தத் தொற்றை உண்டாக்கும். சிறு கடி, புண்மேல் ஒரு நக்கல் போதும். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர், பையை மாற்றும் நேரத்தில் நாயை அறைக்கு வெளியே வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். குழாயைக் குட்டி கடித்து, அதனால் வயிற்றறையில் தொற்று ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கையில் டயாலிசிஸ் இணைப்பு உள்ளவர் அக்கையில் நாயின் கயிற்றைப் பிடிக்கவே கூடாது.

சர்க்கரை நோயாளியின் கால் தனிக் கவனத்துக்கு உரியது. உணர்ச்சி மரத்த பாதத்தில் உள்ள புண்ணை உறங்கும்போது நாய் நக்கினாலும் தெரியாது. "நாய் நக்கினால் புண் ஆறும்" என்ற பழம்பேச்சு இன்னும் வழங்குகிறது. அது முற்றிலும் தீங்கானது. இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்போருக்கு நகக் கீறலும் நெடுநேரம் கசியும். முதியோருக்கு எல்லாவற்றினும் பெரிய இடர், கால் இடறி விழுதல். சிறிய நாய் பெரிய நாயைவிட இதில் ஆபத்தானது; ஏனெனில் அது கண்ணில் படுவதில்லை. கழுத்துப் பட்டையில் ஒரு சிறு மணியைக் கட்டுங்கள். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும்.

குட்டிக்குத் தொடக்கத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறையும், பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். மண்ணில் விளையாடும் குழந்தைகளின் கண்ணையும் ஈரலையும் தாக்கும் புழு அதன் கழிவிலிருந்தே வருகிறது. ஆடு அறுக்கும் இடத்திலிருந்து வேகாத ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். அவற்றிலுள்ள கட்டிகளால் நாய்க்கு நாடாப்புழு உண்டாகி, அதன் முட்டை நம் உணவில் கலந்தால் நம் ஈரலில் நீர்க்கட்டிகளாய் வளரும். எலிக்காய்ச்சலுக்கும் நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

சின்ன நாய் கடித்தால்

இக்கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். "வீட்டு நாய்தான், குட்டிதான், நகம்தான் பட்டது" என்ற மூன்று சொற்றொடர்களையும் எங்கள் அவசரப் பிரிவில் கேட்காத வாரம் இல்லை. ரேபிஸ் கிருமிக்கு நாயின் உயரமும் விலையும் தெரியாது. நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. தோன்றுமுன் முறையாகச் சிகிச்சை பெற்றால் ஏறத்தாழ முற்றிலும் தடுத்துவிடலாம். இத்துணை கூர்மையான எல்லைக்கோடு வேறு எந்த நோயிலும் இல்லை எனலாம்.

மக்கள் தயங்குவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட காலம் முதல் நெடுங்காலம் தமிழகத்தார்க்கு நாய்க்கடி என்றால் மலையேறிச் செல்லும் பயணம். பிறகு ஊர் மருத்துவமனைகளிலேயே மருந்து கிடைத்தபோதும், ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தத் தடுப்பு மருந்தைத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் 14 ஊசிகள் வரை போட வேண்டியிருந்தது. அந்த வலியை இன்றும் பாட்டன்மார் சொல்லக் கேட்கிறோம். அந்த மருந்து நம் நாட்டில் 2004ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது தோள்பட்டைத் தோலுக்குள் மிகச் சிறிய அளவில்: கடிபட்ட அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். தசையில் போடும் முறையானால் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசிகள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது. கருவுற்ற தாய்க்கும் கைக்குழந்தைக்கும் போடலாம்.

ஊசிக்கும் முன்னே செய்ய வேண்டியது உங்கள் வீட்டுக் குழாயடியில் இருக்கிறது. கடித்த இடத்தை ஓடும் நீரில், சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், பச்சிலை எதையும் அப்ப வேண்டா. இறுகக் கட்டவும் வேண்டா. இரத்தம் வந்த கடிக்கும், நாய் நக்கிய திறந்த புண்ணுக்கும், வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டதற்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தைப் புண்ணைச் சுற்றியே செலுத்த வேண்டும். எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவருக்கு இரத்தம் வராத கீறலுக்கும் அம்மருந்து தேவைப்படும். ஆகையால் நீங்கள் உண்ணும் மருந்துகளின் விவரத்தை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பிழை. ஊசியை அன்றே தொடங்க வேண்டும். நாயையும் கண்காணிக்க வேண்டும். பத்து நாளும் நாய் நலமாக இருந்தால் மேற்கொண்டு எத்தனை ஊசி என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நாய்க்கு முதல் ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில், பின்னர் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். கடைசியாகப் போட்ட நாள் அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நினைவில் இருப்பது போதாது. மூன்று மாதம் நிறையாத குட்டி தடுப்பூசி பெறாத குட்டியே. அது கடித்தால் தெருநாய் கடித்ததற்கு ஒப்பாகவே கருத வேண்டும்.

அப்படியானால் எந்த நாய்?

வீட்டில் வலுவுள்ள ஒருவர் நாள்தோறும் நேரம் ஒதுக்க இயலுமானால், சீவிப் பேணவும் வெயிலில் காக்கவும் பொருளும் பொறுமையும் இருக்குமானால், திபெத்திய டெரியர் குடும்பத்துக்கு இனிய நாயே. 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். எழுபது வயதுப் பெற்றோருக்காக வாங்குவோர் இந்த எண்ணைச் சற்று நிதானித்துப் பார்ப்பது நன்று; நாயின் முதுமையை யார் பார்ப்பது?

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் இனங்கள் வெயிலைத் தாங்கும். ஆனால் அவை ஓடவும் காக்கவும் பிறந்தவை. நோயாளியின் கட்டிலடிக்கு ஏற்றவையல்ல. எங்கள் கருத்தைக் கேட்டால், முதியோர் மட்டும் வாழும் வீட்டுக்குக் குட்டியே வேண்டா. மூன்று நான்கு வயது கடந்து, தடுப்பூசியும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் முடிந்த, அமைதியான நாட்டு நாய் ஒன்று போதும். நம் வெயிலில் பிறந்து வளர்ந்தது. முடி சீவும் வேலை இல்லை. அதைப் பெருமையாகக் காட்டிக்கொள்ள இயலாதே என்று வருந்துவோருக்கு ஒரு செய்தி: நமக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, இறந்த தலைவனின் அருகில் நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிச் சிறப்பிக்கிறது. 1,400 ஆண்டுகளாகப் பெயர் நிற்கும் அந்த நாய்க்கு எந்தக் கழகத்தின் சான்றும் கிடையாது.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாள் வரும்போது, வீட்டில் நாய் இருப்பதை வார்டு செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். யார் சோறு வைப்பது என்ற கவலையால் சிகிச்சை முடியுமுன் வீடு திரும்பத் துடிக்கும் நோயாளிகள் உண்டு; அக்கவலையை நாங்கள் சிறிதாக எண்ணுவதில்லை. பக்கத்து வீட்டார் ஒருவரின் தொலைபேசி எண்ணையும், நாய்க்கு உணவிடும் நேரத்தையும், அதன் தடுப்பூசி அட்டை இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் மருத்துவக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.